ரொறன்ரோவுக்குப் போன ஏச்சு

மனைவி வீட்டில் குடியிருக்கும் மருமகனுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தே தீரும் என்றால் அதற்கு வயர் இருக்கக் கூடாது. வெற்றிலை போடலாம், பேப்பர் படிக்கலாம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடலாம். இவற்றால் ஒரு கல்யாணப் பேச்சு குழம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. (குறட்டை விஷயத்தில் என் மனைவி கௌரிக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எடுக்க வேண்டாம்.)

நான் வவுனியாக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குளம், கப்பல் என்றால் மழைக்குப் பிள்ளைகள் விடும் கடதாசி. கௌரியைக் கட்டித் திருகோணமலைக்கு வந்தேன். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் உட்துறைமுகம் தெரியும், அதற்கும் அப்பால் கொட்டியாரக் குடா. குடாவில் கப்பல்கள் சும்மா நிற்கும். ஊர்க்காரர் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அத்தான், வாயை மூடுங்கோ. இலையான் போகப்போகுது" என்பாள் கௌரியின் தங்கை தர்ஷினி. அவள் கணித ரீச்சர். பிழையைக் கண்டால் சிவப்புப் பேனை இல்லாமலே சுழித்துவிடுவாள்.

இந்தக் கப்பல் பைத்தியத்துக்கு மருந்தாக இணையத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தேன். பென்டிரைவ் அளவு ஒரு குச்சி. ஒரு பக்கத்தைக் கணினியில் செருக வேண்டும், மறுபக்கத்தில் அன்ரனாவைப் பூட்ட வேண்டும். அதன்பிறகு கணினியே வானொலிப் பெட்டி. வானத்தில் எந்த அலைவரிசையில் யார் என்ன கதைத்தாலும் திரையில் நிறக் கோடுகளாக விழும்; மவுஸால் கோட்டைத் தொட்டால் சத்தம் கேட்கும். கப்பல்கள் தங்கள் பெயரையும் போகும் திசையையும் ஓயாமல் வானொலியில் அனுப்புகின்றனவாம். இன்னொரு மென்பொருளைப் போட்டால் அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டுமாம். எனக்கு அன்றைக்கே நித்திரை போய்விட்டது.

வீட்டில் இருந்த ஒரே கணினி மாமாவுடையது. மாமா சிவஞானம் மாஸ்டர், ஓய்வுபெற்ற உப அதிபர். அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அவர் கதைப்பது அச்சடித்த தமிழ். வகுப்பில் ஒரு மாணவனையும் "டேய்" என்று கூப்பிட்டதில்லை. கேற்றுக்குள் நுழையும் தெருநாயைக்கூட "அங்கால் போம்" என்று மரியாதையோடுதான் கலைப்பார். நாயும் மரியாதையோடு போய்விடும்.

அவரிடம் அனுமதி கேட்டபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, இது துறைமுகப் பட்டினம். கூரையிலே கம்பி கட்டினால் யாரும் வந்து எங்களை விசாரிக்க மாட்டார்களே?"

"இல்லை மாமா. இது கேட்கிற பெட்டிதான். கதைக்கிற பெட்டி இல்லை."

இந்த வசனத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமா இன்னும் வைத்திருக்கிறார்.

பூட்டும் படலம் தொடங்கியது. முதல் வேலை, குச்சிக்கு உரிய டிரைவரைக் கணினியில் மாற்றுவது. ஒரு சின்ன நிரல் கணினியில் செருகியிருந்த எல்லாவற்றையும் பெயர் பெயராகக் காட்டி, "எதை மாற்ற?" என்று கேட்டது. நான் கணினி படித்தவன், அரச அலுவலகம் ஒன்றில் கணினிப் பிரிவில் இருப்பவன். வழிகாட்டியில் "பெயரைக் கவனமாகச் சரிபாருங்கள்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தடித்த எழுத்தெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன். குச்சிக்கு ஒன்றும் நடக்கவில்லை. மவுஸ் செத்துப்போனது.

மாமா வந்து பார்த்தார். "தம்பி, சுட்டி அசையவில்லையே?"

"ஓம் மாமா. கொஞ்சம் ஓய்வெடுக்குது."

அவர் நம்பினார். படித்த மருமகன் சொன்னால் நம்புவதுதானே.

மவுஸை உயிர்ப்பித்து, குச்சியை வழிக்குக் கொண்டுவந்து, அன்ரனாவை மொட்டை மாடிக் கொடிக்கம்பத்தில் கட்டினேன். வயர் ஜன்னலால் இறங்கி, ஹோலின் குறுக்கே ஓடி, கணினிக்கு வந்தது. அன்ரனாவின் இரண்டு கம்பிகளும் நல்ல நீளம் என்று கண்ட மாமி, மறுநாளே அதில் மாமா உடுத்தும் சாரத்தைக் காயப்போட்டார். (சாரம் காய்ந்த நாட்களில் சம்பூர்ப் பக்கத்துப் படகுகள் தெளிவாகக் கேட்டன என்று நான் சொன்னதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.)

குசினியில் மாமி சம்பலுக்குக் கிரைண்டரைப் போட்டால் போதும், என் திரை முழுக்க மஞ்சள் கோடு. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டேன்.

"மாமி, பின்னேரத்தில மட்டும் கிரைண்டரைப் போடாமல் இருக்கேலுமோ? கப்பலுக்கு இடைஞ்சலா இருக்கு."

"ஓ, அதுக்கென்ன தம்பி. கப்பலிட்டயே சம்பலையும் கேட்டு வாங்குங்கோ."

கப்பல்கள் வரைபடத்தில் வர மறுத்த அந்த நாட்களில் எனக்கு வேறொரு பொழுது கிடைத்தது. மீன்பிடிப் படகுகளின் பேச்சு. அதில் ஒரு கனத்த குரல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்தக் குரல் ராசு என்று ஒருவரை ஓயாமல் ஏசும். எருமை, பேயன், விசரன், கோதாரி விழுவான். பின்னேரம் படகுகள் கடலுக்கு வெளிக்கிடும் நேரத்தில் தொடங்கினால் முடிவே இல்லை. ராசு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. நான் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு தனியே சிரிப்பேன். ராசு என்ற பெயர் அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

இந்த நேரத்தில்தான் தர்ஷினிக்கு ரொறன்ரோவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன் வந்தவை சாதகத்தில் ஒன்று, தர்ஷினியின் சிவப்புப் பேனையில் ஒன்று என்று போயிருந்தன. மாமி கோணேசருக்கு நேர்த்தி வைத்து, அது போதாதென்று பிள்ளையாருக்கும் வைத்திருந்தார். இந்த மாப்பிள்ளை நிரோஜனுக்குச் சாதகம் பொருந்தியது, படிப்பு பொருந்தியது. இனி இரண்டு குடும்பமும் வீடியோவில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்குக் காலை, இரண்டு பேருக்கும் நல்ல நேரம் என்று ஐயர் குறித்துத் தந்தார்.

அழைப்புக்கு முதல் நாள் தர்ஷினி என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அத்தான், எனக்கு வேற ஒண்டும் பிரச்சினையில்லை. அந்த வீட்டில ஆரும் சிரிக்கிறவையோ எண்டுதான் தெரியேல்ல. போட்டோவில எல்லாரும் பாஸ்போட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கினம். கதைச்சுப் பாத்திட்டு, பிடிக்காட்டி ஏலாது எண்டுதான் சொல்லுவன். அப்பாவும் ஓம் எண்டவர்."

குரல் பகிடியாகத்தான் இருந்தது. முகம் அப்படி இல்லை. ஊரை, வேலையை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெரியாத ஒரு வீட்டுக்குப் போகப்போகிறவளின் முகம் அது. "நான் எல்லாத்தையும் வடிவாச் செற் பண்ணித் தாறன், நீ பயப்பிடாதை" என்று வீரமாகச் சொன்னேன். அப்படியே கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை, வீடு முழுக்கக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போது, நான் கப்பலைப் பிடிக்க உட்கார்ந்தேன். வானொலி மென்பொருளில் வரும் சத்தம் வரைபட மென்பொருளின் காதுக்குள் போனால்தான் கப்பல் தெரியும். கணினிக்குள் வயர் இழுக்க முடியாது. ஆகவே வயர் மாதிரி நடிக்கிற ஒரு மென்பொருள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத வயர். அதை இறக்கிப் பூட்டினேன். வரைபடத்தில் ஒரு கப்பல் பெயரோடு வந்து நின்றது! சீமெந்துக் கப்பல். நான் போட்ட சத்தத்தில் மாமி தும்புத்தடியோடு ஓடி வந்தார். பிறகு சந்தோசத்தில் வானொலியை வழக்கமான படகுப் பேச்சுக்குத் திருப்பிவிட்டு, சாளரத்தைக் குறுக்கி வைத்தேன். மூடவில்லை.

மத்தியானம் வீடியோ அழைப்பை ஒத்திகை பார்த்தோம். கௌரி தன் கைபேசியோடு குசினிக்குள் போய் என்னை அழைத்தாள். அவள் முகம் தெரிந்தது, குரல் வரவில்லை. அந்தக் கண்ணுக்குத் தெரியாத வயர் ஸ்பீக்கரை விழுங்கியிருந்தது. அமைப்புக்குள் போய் ஸ்பீக்கரைத் திரும்பத் தெரிவு செய்தேன். குரல் வந்தது.

"இப்ப கேக்குது கௌரி! நான் கதைக்கிறது கேக்குதோ?"

"ஓம், நல்லாக் கேக்குது."

கேட்கும்தானே. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். நான் கத்தியது அவளுக்கு நேரே காதில் விழுந்தது. தெரியாத வயர் மைக்கையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். அந்த அழைப்பில் மாமா என்ன சொன்னாலும் ரொறன்ரோவுக்குப் போகாது. அதற்குப் பதிலாக, மைக்கின் இடத்தைப் பிடித்த அந்த வயர் வழியாக, குறுக்கி வைத்த வானொலியில் வரும் படகுக்காரரின் குரல் போகும். எங்கள் வீட்டில் அந்தக் குரல் ஒருவருக்கும் கேட்காது. அவர்கள் கதைப்பது மட்டும் எங்களுக்கு மணி மணியாகக் கேட்கும்.

அன்றைய அழைப்பை, வர முடியாத சொந்தக்காரருக்குக் காட்ட என்று மாப்பிள்ளை வீட்டார் பதிவு செய்தார்கள். அதைப் பிறகு நான் பல தடவை பார்த்திருக்கிறேன். (பார்க்க வைக்கப்பட்டிருக்கிறேன்.) ஆகவே இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாமா பட்டு வேட்டி, திருநீறு, சால்வையோடு கதிரையில் இருந்தார். பக்கத்தில் மாமி. திரையில் மாப்பிள்ளையின் தகப்பன், தாய், ஒரு பெரியம்மா, ஓரத்தில் நிரோஜன். நாலு பேரும் பாஸ்போட் முகம். மாமா கை கூப்பி, "அன்பார்ந்த உறவினர்களே, வணக்கம். தங்களைக் காண்பதில் பெருமகிழ்ச்சி" என்றார்.

ரொறன்ரோவில் கேட்டது: "டேய் ராசு! எருமை! உனக்குக் கண் பின்னாலையோ இருக்கு?"

நாலு முகமும் அப்படியே நின்றன. தகப்பன்தான் முதலில் சுதாரித்தார். "ஓம்... ஓம்... வணக்கம் அண்ணை."

மாமா திருப்தியாகத் தலையசைத்தார். தாய் தொண்டையைச் செருமி, "தங்கச்சி எந்த வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறா அண்ணை?" என்று கேட்டார். மாமா தன் மகளின் தகைமைகளை நிதானமாக, நிறுத்தி நிறுத்தி எடுத்துரைத்தார்.

"கோதாரி! எஞ்சினை நிப்பாட்டடா எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"

தகப்பன் எழும்பிப் போய், அறையில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரை நிப்பாட்டிவிட்டு வந்து பணிவாக இருந்தார்.

ஒருவராவது "உங்கட பக்கம் ஏதோ பிழை" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள். சம்பந்தம் பேசும் இடத்தில் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் சனத்தின் சட்டம். தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கு" என்று குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் ஏலாது என்பார்கள். மாமா தன் துணைவியாரை அறிமுகப்படுத்தினார். "உந்த நாறலைத் தூக்கிக் கடலுக்க எறி!" என்றது குரல். மாமி வெட்கத்தோடு சிரித்துக் கை கூப்பினார். பெரியம்மா பக்கத்தில் இருந்த தாயின் காதுக்குள், "பாவம் அந்த மனுசி. என்னெண்டுதான் குடும்பம் நடத்துதோ. பழகிப்போச்சுப் போல" என்று முணுமுணுத்தது பதிவில் தெளிவாக இருக்கிறது. நிரோஜன் எதையோ தேடுவது போல மேசைக்குக் கீழே குனிந்தார். எழும்பி வரவே இல்லை.

"தம்பி, ஏன் எல்லாரும் கலக்கமாக இருக்கிறார்கள்?" என்று மாமா வாயை அசைக்காமல் என்னைக் கேட்டார்.

"உங்கட தமிழைக் கேட்டு மிரண்டிட்டினம் மாமா. விட்டிடாதேங்கோ."

மாமா விடவில்லை. படகுக்காரரும் விடவில்லை.

பிறகு தர்ஷினியைக் கூப்பிட்டார்கள். பெண் பார்க்க வந்தால் பெண் தேத்தண்ணித் தட்டத்தோடுதான் வர வேண்டும். வந்தவர்கள் கணினிக்குள் இருந்தால் என்ன என்பது மாமியின் வாதம். ஆகவே தர்ஷினி தட்டத்தில் கோப்பைகளை வைத்துக்கொண்டு வந்து, கமெராவுக்கு ஒருமுறை நீட்டிக் காட்டிவிட்டு, கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். இருந்தாள். மெல்லக் குனிந்து "வணக்கம்" என்றாள்.

"இழு! இழு! இழுடா பேயா!"

நிரோஜன் மேசைக்கு மேலே வந்தார். வந்தவர் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அவரால் அதை மூட முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட, மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். தாய் அவர் தொடையில் கிள்ளியது திரையில் தெரிந்தது. கிள்ளியும் நிற்கவில்லை.

 நாங்கள் கண்டது இவ்வளவுதான்: பெண் வந்து வணக்கம் சொல்கிறாள், மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறார். மாமியின் கண் நிறைந்துவிட்டது. மாமாவின் திருநீற்றுக்குக் கீழே நரம்பு புடைத்தது. தர்ஷினி மட்டும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மச்சாளைப் பார்த்துச் சிரிக்க இவர் யார்? கேட்டுவிடுவது என்று வாயெடுத்தேன்.

அதற்குள் நிரோஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, மன்னிக்கோணும். நீங்கள் கதைக்க வேற ஆரோவின்ர குரல் வருது. அது சரி, ராசு ஆர்?" என்றார்.

மாமா மாமியைப் பார்த்தார். மாமி கௌரியைப் பார்த்தார். அந்த வீட்டில் ராசுவைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 

ஒரே பாய்ச்சலில் மவுஸைப் பிடித்தேன். அமைப்பு, மைக், தெரியாத வயரைத் தள்ளிவிட்டு உண்மையான மைக். ஒரு சொடுக்கு. சரி. அத்தோடு இருந்திருந்தால் நான் கெட்டிக்காரன். குச்சியையும் பிடுங்கிவிடுவோம் என்று எழும்பித் திரும்பினேன். ஹோலின் குறுக்கே ஓடிய அன்ரனா வயரில் கால் மாட்டியது. மேலே மொட்டை மாடியில் கொடிக்கம்பம் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மாமாவின் சாரம் ஒன்று காற்றில் ஆடி ஆடி இறங்கியது. நான் தட்டத்தின் மேல் விழுந்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த தேத்தண்ணி முழுவதும் மாமாவின் பட்டு வேட்டியில்.

மைக் சரியான பிறகு ரொறன்ரோவுக்குப் போன மாமாவின் முதல் சொந்தக் குரல் இதுதான்:

"டேய் எருமை!"

பெரியம்மா தாயின் பக்கம் திரும்பி, "பாத்தியே? அதே மனுசன்தான்" என்றார்.

நான் நிலத்தில் கிடந்தபடியே ஒரு சிரிப்பைக் கேட்டேன். தர்ஷினி. தலையைக் கதிரையில் சாய்த்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, பொத்தியும் அடங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். திரைக்குள் நிரோஜன் திரும்பத் தொடங்கிவிட்டார். அவரைப் பார்த்து இவளும், இவளைப் பார்த்து அவரும், நடுவில் இரண்டு குடும்பமும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம்.

அழைப்பு முடிந்த பிறகு நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாமா ஈர வேட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி. இது கேட்கிற பெட்டி என்றல்லவா சொன்னீர்?"

நான் நிலத்தில் கிடந்த வயரைச் சுருட்டத் தொடங்கினேன். மாமி, "என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைக் கடலுக்க போட்டிட்டீங்களே தம்பி" என்று அழத் தொடங்கினார். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. வீரமாக வாக்குக் கொடுத்தது நான்தானே. அப்போது தர்ஷினி தட்டத்தைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அழாதேங்கோ. எனக்கு ஓம்."

"இவ்வளவு நடந்த பிறகுமோ?"

"அவர் சிரிச்சவர். அதோட, அங்க இருந்த அவ்வளவு பேரிலயும் என்ன பிழையெண்டு வாய்திறந்து கேட்டதும் அவர்தான்."

ரொறன்ரோவில் இருந்தும் ஓம் வந்தது, கல்யாணம் இங்கேயே நடந்தது. நிரோஜன் வந்து இறங்கியவுடன், படகுக்காரரைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடற்கரை கடற்கரையாக விசாரித்துக் கண்டுபிடித்தோம். குச்சவெளிப் பக்கத்துப் பத்திநாதன் அண்ணை. மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். தரையில் நிற்கும்போது எல்லாரையும் "ஐயா, ஐயா" என்றார். ராசு அவருடைய மச்சான், அடுத்த படகு. ராசுவின் வானொலிச் செற்றில் கேட்கத்தான் முடியுமாம், கதைக்கும் பக்கம் பழுதாம். அதனால்தான் இவ்வளவு நாளும் பதில் இல்லை.

இருவரையும் கல்யாணத்துக்கு அழைத்து, மாமா முன்வரிசையில் இருத்தினார். பத்திநாதன் அண்ணையைப் பெரியம்மாவுக்கு அறிமுகம் செய்து, "அன்றைக்குக் கதைத்தது இவர்தான்" என்று விளக்கினோம். அவர் தலையைக் குனிந்து "ஓம் அம்மா, மன்னிக்கோணும் அம்மா" என்றார். பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சொல்லையும் நம்பவில்லை. மாமாவிடம் போய், "இப்ப எவ்வளவோ பரவாயில்லை அண்ணை. அப்ப உங்களுக்குச் சுகமில்லைப் போல" என்றார். சம்பந்தி வீட்டாரை மறுத்துப் பேசக் கூடாதே. மாமா கை கூப்பி, "ஆம், தற்போது நலம்" என்றார்.

ரொறன்ரோவில் பிறந்தநாள், வீடுகுடிபூரல் எது நடந்தாலும் அந்தப் பதிவைப் போடுகிறார்களாம். தர்ஷினி அழைப்பு எடுத்தால் முதல் கேள்வி, "அப்பாவோ, பத்திநாதன் அண்ணையோ?" என்பதுதான். எனக்கு நடந்ததோ இதைவிட மோசம். என் தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயரை இரண்டு நாட்டிலும் இப்போது ஒருவரும் பாவிப்பதில்லை. மாமி ராசுத் தம்பி என்கிறார். தர்ஷினிக்கு ராசு அத்தான். அதற்குப் பிறகு பிறந்த என் சொந்த மகள், பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பெயர் கேட்டபோது ராசு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

குச்சி இன்னும் இருக்கிறது. அன்ரனாவுக்குத் தனிக் கம்பம், மாமியின் கொடி வேறு. பின்னேரங்களில் நான் கப்பல் பார்க்க உட்கார்ந்தால் பழைய கணினி இரைச்சல் போடத் தொடங்கும். மாமா அந்த ஒரு "டேய்"க்குப் பிறகு இன்னொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அச்சடித்த தமிழுக்கே திரும்பிவிட்டார். பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமலே, அமைதியாக, ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்துச் சொல்வார்.

"ராசு, இயந்திரத்தை நிறுத்தும்."

நான் பதில் பேசாமல் நிறுத்திவிடுவேன். ராசுவும் பதில் பேசியதில்லையே.